வெள்ளைச் சேட், நீலக் காற்சட்டை: நம் கரையோரப் பையன்களின் சீருடை வந்த வழி

காலை ஏழரை மணிக்குப் பாடசாலை மணி அடிப்பதற்கு முன்னர், திருக்கோவில் பிரதேசத்தின் விநாயகபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒழுங்கைகள் வெள்ளையாகிவிடும். சிறிய பையன்கள் வெள்ளைச் சேட்டும் நீலக் காற்சட்டையும் அணிந்திருப்பார்கள். பெரிய வகுப்புப் பையன்கள் வெள்ளை நீளக் காற்சட்டையில் சைக்கிள் மிதிப்பார்கள். கல்முனையில் முஸ்லிம் பாடசாலைக்குப் போகும் பையனும், காரைதீவில் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் பையனும், அம்பாறை நகரில் சிங்களப் பாடசாலைக்குப் போகும் பையனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

இந்த உடை எப்போதும் இருந்ததுபோல நமக்குத் தோன்றுகிறது. ஆனால் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையோரக் கிராமத்துப் பையன் ஒருவன் இப்படிப் பாடசாலைக்குப் போகவில்லை. இந்த உடை கிராமங்களுக்குப் பரவியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதன் வரலாற்றில் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள் இரண்டு. இலங்கையில் கல்வி இலவசமானது 1945இல். சீருடைத் துணி இலவசமானது 1993இல். இடையில் 48 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த 48 ஆண்டுகளும் கட்டணம் இல்லாத பாடசாலைக்குள் நுழைவதற்கான உடைக்குப் பெற்றோர்தான் பணம் தேடினார்கள். தேட முடியாத வீடுகளில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

இரண்டு பாடசாலை, இரண்டு உடை

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அம்பாறை என்றொரு மாவட்டம் இல்லை. அது 1961இல்தான் உருவானது. அதுவரை கல்முனையும் அக்கரைப்பற்றும் திருக்கோவிலும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தன. பெரிய படிப்புக்குப் போவதென்றால் மட்டக்களப்பு நகருக்குத்தான் போக வேண்டும். அங்கே 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த பாடசாலையும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் இருந்தன. கல்முனையில் மெதடிஸ்த மிஷனரிமாரின் வெஸ்லி பாடசாலை 1883இல் தொடங்கியது.

அக்காலப் பாடசாலைகள் இரண்டு வகை. ஒன்று கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பாடசாலை. மற்றது கட்டணம் இல்லாத சுயபாஷைப் பாடசாலை, அதாவது தாய்மொழிப் பாடசாலை. முதலாவது அரசாங்க உத்தியோகத்துக்கு வழி. இரண்டாவதில் படித்தவர் மிஞ்சிப் போனால் தமிழ் ஆசிரியராகலாம்.

உடையும் இந்தக் கோட்டிலேயே பிரிந்தது. ஆங்கிலப் பாடசாலைப் பையன் சேட்டும் காற்சட்டையும் போட்டான். நகரத்துப் பெரிய கல்லூரிகளில் கோட், கழுத்துப்பட்டி, சப்பாத்து என்று அது நீண்டது. தாய்மொழிப் பாடசாலைப் பையன் வீட்டில் இருப்பதை உடுத்திக்கொண்டு போனான். தமிழ்ப் பையன் வேட்டித் துண்டோ சாரமோ உடுத்தினான். முஸ்லிம் பையன் சாரமும் தொப்பியும் அணிந்தான். மேலுடம்புக்குச் சட்டை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் வெறும் மேல்தான். அதை ஒருவரும் குறையாக நினைக்கவில்லை, ஏனென்றால் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். உடை ஒரு குறையாகத் தெரியத் தொடங்கியது சீருடை வந்த பிறகுதான்.

சாரத் துணி வெளியிலிருந்து வர வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. கல்முனைக்கு வடக்கே உள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கே முஸ்லிம் நெசவாளர்கள் நெய்த சாரங்கள் இக்கரையின் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் உடுத்தப்பட்டன. காற்சட்டைக்குத் தேவையான முரட்டு நீலத் துணியோ ஆலைத் துணி. அதில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. சாரத்திலிருந்து காற்சட்டைக்கு மாறிய பையனின் உடைக்கான காசு, மருதமுனைத் தறிக்குப் போகாமல் கொழும்புத் துறைமுகத்தின் பக்கம் போகத் தொடங்கியது.

காற்சட்டை எங்கிருந்து வந்தது?

நம் ஊர்களில் காற்சட்டையைக் கழுசான் என்று சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்தது. சப்பாத்தும் அப்படியே. சொற்கள் போர்த்துக்கேயருடையவை என்றாலும், பாடசாலைப் பையனின் அரைக் காற்சட்டை பிரித்தானியர் காலத்தது.

அதற்கு வேர்கள் இரண்டு. முதலாவது இங்கிலாந்துப் பழக்கம். அங்கே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிறுவர்கள் குளிர்காலத்திலும் அரைக் காற்சட்டைதான் அணிந்தார்கள். நீளக் காற்சட்டைக்கு மாறுவது, பையன் பெரியவனாகிவிட்டான் என்பதற்கு அடையாளம். இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது. நம் பாடசாலைகளில் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது வேர் இராணுவம். வெப்ப நாடுகளில் பணியாற்றிய பிரித்தானியப் படையினரின் காக்கி அரைக் காற்சட்டை, கடேற் படை வழியாகவும் சாரணர் இயக்கம் வழியாகவும் பாடசாலைகளுக்குள் வந்தது. இலங்கையில் பாடசாலைக் கடேற் படை 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது.

உலகின் வேறு இடங்களிலும் பையன்களின் சீருடைக்குப் பின்னால் படை உடையின் நிழல் இருக்கிறது. யப்பானில் மாணவர்கள் அணியும், கழுத்து வரை பொத்தான் பூட்டும் கறுப்புக் கோட் 1880களில் ஐரோப்பியப் படை உடையைப் பார்த்து அமைக்கப்பட்டது. சோவியத் நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பையன்களுக்குக் கொடுக்கப்பட்ட சீருடை, இடுப்புப்பட்டியும் தொப்பியுமாகச் சிப்பாயின் உடையைப் போலவே இருந்தது. இதற்கு மாறான தொடக்கமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டில் கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிற்றல் என்ற பாடசாலை ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கி கொடுத்தது. பாடசாலைச் சீருடையின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று அது. ஏழைப் பிள்ளைக்கு உடுப்பில்லை என்பதற்காகப் பாடசாலையே கொடுத்த உடை. சீருடை பரவிய பல நாடுகளில் உடை மட்டும் பரவியது. அதைக் கொடுக்கும் பொறுப்பு அதே வேகத்தில் பரவவில்லை.

வேட்டிக்கும் ஒரு காலம் இருந்தது

காற்சட்டைதான் படித்தவனின் உடை என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1905இல் எம். சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றக்கூடாது என்று தடுக்கப்பட்டபோது, கொழும்பு மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தலையில் என்ன அணிவது என்பது மரியாதை பற்றிய கேள்வி என்பதை அன்றே அவர்கள் சொன்னார்கள்.

1920களில் யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸ் தேசிய உடையையும் கைநூற்புத் துணியையும் முன்வைத்தது. அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கிழக்கில் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளில் படித்தவர். பின்னர் இராமகிருஷ்ண மிஷன் துறவியாகித் தமிழ்ப் பிள்ளைகளுக்கான பாடசாலைகளை வளர்த்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இத்தகைய பாடசாலைகளின் ஆசிரியர்களில் பலர் வேட்டி, சால்வையில் நின்று கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்தார்கள்.

ஆனாலும் பையன்களின் உடையில் இறுதியில் காற்சட்டைதான் வென்றது. காரணம் வெறும் மோகம் இல்லை. ஓடவும் மரம் ஏறவும் சைக்கிள் ஓடவும் அது வசதி. முழுக் காற்சட்டைக்குத் தேவைப்படும் துணியில் ஏறக்குறையப் பாதி போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஆங்கிலப் பாடசாலையின் உடை. தன் பிள்ளையும் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று நினைத்த வேளாண்மைக்காரனும் கடற்றொழிலாளியும் பிள்ளைக்குக் காற்சட்டை தைத்துக் கொடுத்தார்கள்.

கூப்பன் துணியும் இலவசக் கல்வியும்

இரண்டாம் உலகப் போர் இக்கரைக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது யப்பானியர் குண்டு வீசினார்கள். அதே நாளில் ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கப்பல் போக்குவரத்து முடங்கியதால் அரிசிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு வந்தது. துணியும் பங்கீட்டுக்குள் வந்தது. இங்கிலாந்திலேயே 1941 முதல் 1949 வரை உடுப்புகளுக்குக் கூப்பன் இருந்தது. அங்கே பாடசாலைகளே சீருடை விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது.

அந்தப் பஞ்ச காலத்தில்தான் இலங்கையின் மிகப் பெரிய கல்விச் சீர்திருத்தமும் நடந்தது. கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாத கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்காக மத்திய பாடசாலைகள் அமைந்தன. மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையிலும் அப்படி ஒன்று எழுந்தது. பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொடக்கமான பல்கலைக்கழகக் கல்லூரி 1981இல் தொடங்கியதும் அந்த வளாகத்தில்தான். கல்முனையில் 1949இல் ஸாஹிறாக் கல்லூரி உருவாகி, இக்கரை முஸ்லிம் பையன்களுக்கு உயர்கல்வியின் வாசலைத் திறந்தது.

கட்டணம் போய்விட்டது. ஆனால் கொப்பி, பென்சில், உடுப்பு எல்லாம் பெற்றோர் பொறுப்பிலேயே இருந்தன. முன்னர் ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த உடைச் செலவு, இப்போது எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது.

1960இல் மாறிய நாடு

1950களில் சீருடை மெல்லப் பரவியது. எல்லா இடத்திலும் ஒரே வேகம் இல்லை. நகரப் பாடசாலைகளில் கட்டாயம், கிராமப் பாடசாலைகளில் "முடிந்தால் போட்டுக்கொண்டு வா" என்ற நிலை. சில இடங்களில் காக்கிக் காற்சட்டை, சில இடங்களில் நீலம்.

அடுத்த பெரிய மாற்றம் 1960இல் வந்தது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961இல் வந்த அடுத்த சட்டத்தாலும், அரச உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளும் இந்து சபைகளின் பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்தன. மதமும் நிருவாகமும் பிரித்து வைத்திருந்த பாடசாலைகள் ஒரே திணைக்களத்தின் கீழ் வந்தபோது, பையன்களின் உடையும் ஒரே வடிவத்துக்கு நெருங்கியது. வெள்ளைச் சேட், நீலக் காற்சட்டை, மேல்வகுப்புக்கு வெள்ளை நீளக் காற்சட்டை என்பது நாடு முழுவதற்கும் பொதுவானது.

அந்த உடையை ஒரு வீடு எப்படித் தயார் செய்தது என்பது முதியவர்களுக்கு நினைவிருக்கும். வேளாண்மை வெட்டிக் கையில் காசு வந்ததும் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ போய், பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகளின் புடைவைக் கடையில் யார்க் கணக்கில் துணி வெட்டுவது. தெரிந்த கடைக்காரர் என்றால் அடுத்த போகம் வரை கடன். கடைவாசலில் மெஷினுடன் இருக்கும் தையற்காரரிடம் அளவு கொடுப்பது. அளவு எப்போதும் பிள்ளையின் உடம்பை விடப் பெரிதாக இருக்கும். கீழ்மடிப்பை இரண்டங்குலம் உள்ளே விட்டுத் தைப்பார்கள். பையன் வளர வளர மடிப்பை அவிழ்த்து இறக்கலாம். அண்ணன் போட்டு முடித்தது தம்பிக்கு வரும். பின்பக்கம் தேய்ந்தால் வேறு துண்டு வைத்துத் தைப்பார்கள்.

பல வீடுகளில் சேட் ஒன்றுதான். பின்னேரம் வந்ததும் கழற்றித் தோய்த்துக் காயப்போட வேண்டும். மாரி காலத்தில் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காயும். இரும்புத்தன்மை உள்ள கிணற்று நீரில் வெள்ளைத் துணி சில மாதத்தில் பழுப்பேறிவிடும். அதற்குத்தான் நீலம் போடுவது. மஞ்சள் நிறத்தின் மீது சிறிதளவு நீலம் படும்போது கண்ணுக்குத் துணி வெள்ளையாகத் தெரியும். கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி நிரப்பிய ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தால் உடுப்பு நிமிர்ந்து நிற்கும். இந்த வேலை முழுவதும் அம்மாமாரின், அக்காமாரின் தலையில் விழுந்தது. பையனின் வெள்ளைச் சேட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் ஒரு மணி நேரம் நாள்தோறும் இருந்தது.

சீருடையின் நியாயம் எல்லோரும் சமம் என்பது. அது பொய்யான நியாயம் இல்லை. சாதிப் பாகுபாடு கூர்மையாக இருந்த காலத்தில், யாருடைய பிள்ளை என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை ஏற்பட்டது பெரிய விடயம். ஆனால் அதே உடை ஒரு புது வேறுபாட்டையும் கொண்டுவந்தது. ஒரே வெள்ளைக்குள் எது புதுசு, எது பழுப்பு, எது ஒட்டுப்போட்டது என்பது வரிசையில் நிற்கும்போது தெரியும். உடுப்பு இல்லை என்பதற்காக ஒரு வாரம் நின்ற பிள்ளை, பிறகு ஒரு தவணை நிற்கும். பிறகு அப்பாவுடன் வயலுக்கோ கரைவலைக்கோ போகும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே காலத்தில் இந்தச் சிக்கலை அடையாளம் கண்டார்கள். காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்மக்களே பள்ளிக்குத் தேவையானவற்றுடன் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் வாங்கிக் கொடுத்தார்கள். சோறும் துணியும் இல்லாமல் இலவசக் கல்வி பாதிதான் என்பது அங்கே முன்னதாக உணரப்பட்டது.

1970கள் முதல் 1993 வரை

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது துணிக்கு மீண்டும் வரிசை. சங்கக்கடைகளிலும் அரசின் சலுசல கடைகளிலும் அளந்து கொடுத்த துணியை வைத்துச் சமாளித்த குடும்பங்கள் பல. 1980இல் பாடநூல்கள் இலவசமாகின. 1993இல், ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில், எல்லா மாணவருக்கும் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கும் திட்டம் வந்தது.

அந்தத் துணி நம் கரைக்கு வந்தபோது நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் இல்லை. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரில் இக்கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு திசைகளில் ஓடினார்கள். பாடசாலைகள் அகதி முகாம்களாகின. புடைவைக் கடைக்கும் தையற்காரரிடமும் போய்வந்த பாதைகள் அச்சத்தின் பாதைகளாகின. சாரத்தாலும் சேட்டாலும் பின்னிக் கிடந்த தமிழ் – முஸ்லிம் கொடுக்கல் வாங்கல் அறுந்தது.

போர்க்காலத்தில் அந்த வெள்ளை உடைக்கு வேறொரு பொருளும் இருந்தது. சோதனைச் சாவடியில் அது ஓர் அடையாள அட்டை. "பள்ளிக்கூடப் பிள்ளை" என்று சொல்லாமல் சொல்லும் உடை. ஆனால் அரைக் காற்சட்டையிலிருந்து நீளக் காற்சட்டைக்கு மாறும் வயது எதுவோ, அதுவேதான் சுற்றிவளைப்பில் சந்தேகத்துக்கு உள்ளாகும் வயதாகவும் இருந்தது. ஒரு காலத்தில் பையன் வளர்ந்துவிட்டான் என்று மகிழ்ந்து தைத்துக் கொடுத்த நீளக் காற்சட்டையை, தாய்மார் பயத்தோடு தைத்துக் கொடுத்தார்கள். பள்ளிச் சீருடையைக் கழற்றி வேறு சீருடை அணிய நேர்ந்த, அணிவிக்கப்பட்ட பிள்ளைகளும் நம் ஊர்களில் இருந்தார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். தப்பிய பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பையும் புதிய சீருடையும் கிடைத்த நாள், வாழ்க்கை மீண்டும் தொடங்குகிறது என்று வீட்டார் நம்பத் தொடங்கிய நாளாக இருந்தது.

இன்று

2015ஆம் ஆண்டின் இறுதியில் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது. சில ஆண்டுகளில் மீண்டும் துணியே வந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டின் சீருடைத் தேவையில் பெரும்பகுதி சீனாவின் நன்கொடைத் துணியால் நிறைவேறுகிறது. துணி கிடைத்தாலும் தையற்கூலி, சப்பாத்து, இரண்டாவது சோடி உடுப்பு ஆகியவை இன்னும் பெற்றோர் தலையில்தான். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களும், நாட்கூலியில் ஓடும் குடும்பங்களும் ஜனவரியில் படும் பாடு 1950களின் கதையிலிருந்து அதிகம் மாறவில்லை.

ஆகவே ஆசிரியர்களிடமும் அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழுப்பேறிய சேட்டோடு வரும் பிள்ளையையும், செருப்போடு வரும் பிள்ளையையும் வரிசையிலிருந்து தனியே எடுத்து நிறுத்துவதற்கு முன்னர், இந்த வரலாற்றை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த நம் உறவுகளும் பாடசாலைக்கு மண்டபமும் வளைவும் கட்டுவதோடு, வருடத் தொடக்கத்தில் தையற்கூலிக்கென ஒரு சிறு நிதியையும் ஒதுக்கலாம். அந்தக் கூலி ஊர்த் தையற்காரரிடமே போகும், தமிழரோ முஸ்லிமோ.

இன்னொன்றும் உண்டு. போரும் கடலும் நம் வீடுகளிலிருந்த பழைய வகுப்புப் படங்களைக் கொண்டுபோய்விட்டன. எழுபது, எண்பது வயதில் இருக்கும் உங்கள் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ அம்மப்பாவிடமோ இன்று பின்னேரம் கேளுங்கள்: முதல் காற்சட்டை எந்த வயதில் போட்டீர்கள், துணி எந்தக் கடையில் வாங்கியது, தைத்தவர் யார், உங்கள் வகுப்பில் உடுப்பில்லாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? பதிலை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். விநாயகபுரம் போன்ற ஊர்களின் இந்த வரலாறு எந்த அரசாங்க அறிக்கையிலும் முழுமையாகக் கிடைக்காது. அது அவர்களிடம்தான் இருக்கிறது.